சூக்ஷிக்குக என்ற பொத்தான்

எனக்கு மனுஷரோடு பேச வராது. கடையில் போய் அரைக் கிலோ உள்ளி கேட்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள் என் தங்கை. எஸ்டேட் வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்து லயத்தில்தான் குடியிருக்கிறாள். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எஸ்டேட் ஆபீஸ், எங்கே போனாலும் அவள் முன்னால் நிற்பாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய் ஒன்றை வைத்துக்கொண்டே எல்லாக் காரியத்தையும் முடித்துவிடுவாள்.

பேசாத சாமான்களோடு எனக்குச் சரிப்படும். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் மழைக்காலம் வந்தால் ரேடியோவுக்குள்ளும் ஈரம் ஏறிவிடும். கொழுந்து கிள்ளி முடித்து வந்து, அதைத் திருப்புளியால் கழற்றி அடுப்பு மேட்டில் காயவைப்பேன். ஒயர் விட்டுப்போன இடத்தில் ஈயம் வைப்பேன். சில நேரம் பாடும், பல நேரம் பாடாது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். ஏன் பாடியது, ஏன் பாடவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் முழுசாக விளங்கியதில்லை. வேலை நின்ற பிறகு பொழுதெல்லாம் இதிலேயே போயிற்று.

பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று என் வீட்டுக்கு வந்ததும் தங்கையின் வாயால்தான். "எங்கக்கா கைக்குக் குடுங்க சார். ஓடுனா ஓடட்டும், ஓடலேன்னா அதுமேல ஈரத்துணியாவது காயப்போடுவா" என்று சொல்லிப் பெரிய வாத்தியாரைச் சிரிக்க வைத்து வாங்கிவிட்டாள். அதன் உள்ளே இருந்த மெமரித் தகட்டின் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் சொன்ன வழி அது. திரை வெளிச்சமானது. ஆனால் அதில் வந்த எழுத்தெல்லாம் மலையாளம். பஸ் போர்டு பார்த்துப் பார்த்து எனக்கு மலையாள எழுத்து கூட்டி வாசிக்க வரும். அர்த்தம் எல்லாவற்றுக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் தங்கைக்குத் தொண்டை கரகரத்தது. பனி என்றோம், சுக்குக் காப்பி என்றோம். கோட்டயத்தில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கட்டி பரவியிருக்கிறது, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார். உயிருக்குப் பயமில்லை, பேச்சுதான் இருக்காது என்றார். சவுதியில் நர்ஸாக இருக்கும் அவள் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் பஸ் வரும்வரை தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

பஸ்ஸில் அவள்தான் கேட்டாள்.

"எக்கா, அந்தப் பெட்டிக்குள்ள என் பேச்சப் பிடிச்சு வைக்க முடியுமா? எழுதிக் காட்டவும் நமக்குத் தெரியாது. ஊமை மாதிரி கையக் கைய ஆட்டிக்கிட்டு என்னால இருக்க முடியாது."

கடைக்காரரிடம் போய் அவளே விசாரித்தாள். முடியும், துண்டு துண்டாக வெட்டி, கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக் கட்டைக்கும் ஒரு பேச்சு வைக்கலாம், கட்டையை அமுக்கினால் ஸ்பீக்கரில் பேச்சு வரும் என்றார். பேச்சைப் பிடித்து முடித்துப் பெட்டியைக் கொண்டு வந்தால் வெட்டித் தருகிறேன் என்றும் சொன்னார். என் பழைய டேப் ரிக்கார்டரில் இருந்த மைக்கைக் கழற்றி, அதன் ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகும்படி மாற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக இருந்ததற்கு முந்தின நாள் மத்தியானம், கதவைச் சாத்திவிட்டு அவள் பேசினாள். "யாரது?" "உள்ள வாங்க." "காப்பி குடிக்கியளா?" "பீடிய வெளிய போயிக் குடியும்." "குழம்புல உப்பு இல்ல." மகளுக்கென்று, "சாப்பிட்டியா பிள்ள?" எல்லாவற்றையும் கோபமாக ஒரு தரம், சாதாரணமாக ஒரு தரம் சொன்னாள்.

"கோபத்துக்குப் பெரிய கட்டையா பாத்து வையிக்கா. அதான் நெறய வேணும்."

"எக்கா" என்று மட்டும் பல விதமாகக் கூப்பிட்டாள். கேட்டால் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். போட்டுக் கேட்டோம். கரகரப்போடு அப்படியே அவள் குரல். "என் குரலா இது? தகர டப்பாவுக்குள்ள தவளை விழுந்த மாதிரில்லா இருக்கு" என்றாள்.

மூடப் போனபோது திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்ன கேக்கு அது?"

"ஒரு பக்கம் சூக்ஷிக்குகன்னு இருக்கு. இன்னொரு பக்கம் சூக்ஷிக்காதெ அடய்க்குகன்னு இருக்கு."

சூக்ஷிக்குக எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை, ஜாக்கிரதை என்று அர்த்தம். கரண்டுக் கம்பத்தில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருப்பார்கள். மானேஜர் பங்களா கேட்டில், பட்டியுண்டு சூக்ஷிக்குக என்று போட்டு நாய்ப் படம் வரைந்திருப்பார்கள். சொன்னேன்.

"எக்கா, அதத் தொடாத. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போணும், இன்னைக்கு ஒன்னையக் கரண்டு அடிச்சா தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு கெடையாது. மத்தது பயப்படாம மூடுன்னுதான சொல்லுது? அத அமுக்கு."

அமுக்கினேன். கட்டம் போய்விட்டது. டேப்பில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் குரல் நாடாவில் விழுந்துவிடும். அதற்கு மேல் நாம் செய்ய ஒன்றும் இல்லை. இதுவும் அப்படித்தான் என்று இருந்தேன். நம் காதாலேயே கேட்டும் ஆயிற்று.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் அவளோடு தங்கினார். அவள் வருவதற்குள் கட்டைகளைத் தயார் பண்ணி வாங்க வேண்டும் என்று, கடைக்குக் கொண்டுபோகும் முன்னால் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். குரலைக் காணவில்லை. எல்லா இடத்திலும் தேடினேன். பெட்டியைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றி டவுனுக்குக் கொண்டு போனேன். கூடப் பேச ஆள் இல்லாமல் அந்தக் கடைப் படியில் நான் ஏறியது அன்றைக்குத்தான்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சேச்சி, இது சூக்ஷிச்சில்லல்லோ" என்றார்.

"நல்லா சூக்ஷிச்சுத்தான் சார் மூடினேன்" என்றேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாதித் தமிழில் நிதானமாகச் சொன்னார். சூக்ஷிக்குக என்றால் பத்திரமாக எடுத்து வை என்றும் அர்த்தம். இந்தப் பெட்டியில் அந்த அர்த்தம்தான். நீங்கள் எடுத்து வைக்காமல் மூடிவிட்டீர்கள்.

ரேஷன் கடைக்காரர் கார்டைத் திருப்பித் தரும்போது, சூக்ஷிச்சு வைக்கணும் என்று தங்கையிடம் சொல்வதை எத்தனையோ தரம் பின்னால் நின்று கேட்டவள் நான். வாயில் கேட்ட சொல்லும் கம்பத்தில் பார்த்த எழுத்தும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"தேடி எடுக்க முடியாதா சார்?"

"எழுதினது அழிஞ்சா தேடலாம். இது எழுதவே இல்லை. எங்கே தேட?"

கடை போனிலிருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். இன்னும் ஒரே ஒரு தரம் அவளைப் பேச வைத்தால் போதும் என்று மனசுக்குள் இருந்தது. "காலைலயே உள்ள கொண்டு போயிட்டாங்க மைனி" என்றார்.

கழுத்தில் குழாயோடு ஊருக்கு வந்தவள் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டையை அமுக்கினாள். பிறகு இன்னொன்றை. கடையிலிருந்து வரும் வழியிலேயே எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"விழல பிள்ள. ஒண்ணுமே விழல" என்றேன்.

அவள் கேட்காத மாதிரி மூன்றாவது கட்டையையும் அமுக்கினாள். அப்புறம் சேலை முந்தியால் கட்டைகளின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். என் மேல் கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கோபத்தை நான் எப்போதும் காதால்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் சவுதியிலிருந்து போன் வந்தது. எங்களிடம் இருப்பது பட்டன் போன், முகம் தெரியாது. அவள் அதை என் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, அம்மா பக்கத்துல இருக்காளா? என்ன சொல்லுதா?"

தங்கை தன் நெஞ்சைத் தொட்டாள், வாசல் பக்கம் கையைக் காட்டினாள், விரலை மடக்கி விரித்தாள்.

"எப்ப வாரன்னு கேக்கா" என்றேன்.

தங்கை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இல்லயாம். அங்க குளிரா இருக்கான்னு கேக்கா."

அதற்கும் தலையை ஆட்டினாள்.

"என்னதான் பெரியம்மா சொல்லுதா?"

"இரு பிள்ள" என்றேன். தங்கை என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அதே சைகையை மெதுவாக, முதலிலிருந்து, இன்னொரு தரம் காட்டினாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.