அஞ்சு ஸ்டார் மிஷினுக்கு நாலு மார்க்

துணி துவைக்கிற மிஷின் வாங்கிய கதை உனக்கு எதற்கு? வீட்டில் வேறு வேலை இல்லையா? சரி, வந்துவிட்டாய், உட்கார்ந்து கேள்.

பெம்பான் ஊரில் எங்கள் வீட்டில் எட்டுப் பேர். பழைய மிஷின் ஒருநாள் தண்ணீரை வெளியே தள்ளாமல் நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "பம்ப் மட்டும்தான் போயிருக்கு பாட்டி. ஆனா மாத்துறதுக்குச் சாமான் வராது, தூக்கிப் போட்ருங்க" என்றார். மூன்று வாரம் எட்டுப் பேர் துணியையும் துவைத்தது என் இடுப்பு. அதற்கும் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது. இனி நான் மிஷினாக மாட்டேன் என்ற முடிவோடுதான் மருமகளோடும் பேத்தியோடும் பக்கத்து ஊர் ஜாசினில் இருக்கும் மிஷின் கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி பளபளப்பாக ஒன்றைக் காட்டினார். "அஞ்சு ஸ்டார் பாட்டி! இதுக்கு மேல இல்ல லா."

"இந்த ஸ்டாரு எதுக்குத் தம்பி?"

"கரண்டு கம்மியா இழுக்கும்."

"அது ஓடறப்ப. செத்துப்போனா எத்தன ஸ்டாரு?"

மருமகள் என் முந்தானையை இழுத்தாள். "அத்தே, மானத்த வாங்காதீங்க."

பேத்தி போனைத் தட்டினாள். பிரான்ஸ் நாட்டில், மிஷினைச் சுலபமாகக் கழற்ற முடியுமா, சாமான் கிடைக்குமா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுத்தான் விற்க வேண்டுமாம். சட்டமாம். இதே மிஷின் அங்கேயும் விற்கிறது. "பாட்டி, இதுக்கு நாலுதான்!"

"ரெண்டாம் கிளாஸ்ல நானும் அவ்வளவுதான் வாங்குனேன். என்னை ஸ்கூல விட்டே நிறுத்திட்டாங்க. இத மட்டும் ஏன் தம்பி முன்னால நிக்க வச்சிருக்கீங்க?"

மூலையில் தூசியோடு நின்ற மூன்று ஸ்டார் மிஷினுக்குப் பேத்தியின் போனில் எட்டு மார்க். அதன் முதுகைத் திறந்து காட்டச் சொன்னேன். நாலே திருகாணி. பம்ப் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. புதுப் பம்ப் கடை அலமாரியிலேயே இருந்தது. அதைத்தான் வாங்கினோம். அழகாக இல்லை என்று மருமகள் வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பம்பும் நின்றது. மருமகள் என்னைப் பார்த்த பார்வை! அதே ரிப்பேர்காரர் வந்தார், புதுப் பம்பை மாட்டினார். நான் போட்டுக் கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் மிஷின் ஓடியது.

"நீங்க சொன்னதுதான் சரி, அத்தே" என்றாள் மருமகள். காது கேட்கவில்லை என்று இரண்டு தரம் சொல்ல வைத்தேன். என் காது நன்றாகத்தான் கேட்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரிக்க வந்தபோது சொன்னேன்: "மிஷின் வாங்கப் போனா என்னையும் கூட்டிட்டுப் போங்க. மாப்பிள்ள பாக்கவும் வருவேன். ஆனா முதுகத் திருப்பிப் பாக்காம மார்க் போட மாட்டேன்."