அம்மன் திருப்பி அனுப்பிய பட்டு

எனக்குப் புதையல் கிடைக்கவில்லை. லொத்தர்ச் சீட்டும் விழவில்லை. அம்மனை நம்பி இதை வாசிக்கிறவர்கள் அப்படி எதையும் எதிர்பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்தது வேறு. அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

போன மாசியில் என் கழுத்து அரித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு, எறும்பு போன தடம் மாதிரி. என் வீட்டுக்காரர் ரவி அதை வேர்க்குரு என்று நினைத்து மாத்தளையிலிருந்து ஆயின்மெண்ட் வாங்கி வந்தார். ஒன்று முடிய இன்னொன்று. ஸ்கூல் வேன் ஓட்டிக் களைத்து வந்த கையோடு, "திரும்பு" என்று சொல்லித் தானே பூசிவிடுவார். அவர் விரல் படும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டும். என் கழுத்தில் கிடந்தது கவரிங். தாலியும் கவரிங், கொடியும் கவரிங். உண்மையான தாலி நாலு வருஷமாக அடகில் இருந்தது. அவருக்குத் தெரியாது.

எப்படி இப்படி ஆனது? மூத்தவள் பெரிய பிள்ளையானபோது மாத்தளையில் கல்யாண ஹோல் எடுத்துச் சடங்கு செய்தோம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, யட்டவத்தையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக மேசை போட்டு உட்கார்ந்தவள் நான். என் மகளின் சடங்கு எப்படி நடக்கிறது என்று ஆபீசும் பார்க்கும், தோட்டமும் பார்க்கும் என்கிற நினைப்பு. குடை, மேடை, மேக்கப், ஆல்பம். மொய்ப் பணத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று ரவியிடம் சொன்னேன். பொய். மொய் பாதிச் செலவுக்குக்கூட வரவில்லை. மீதிக்குத்தான் தாலி போனது.

அதோடு முடியவும் இல்லை. நமக்கு மொய் வைத்தவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால், வைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். மாதம் மூன்று கார்டு வரும், நாலு வரும். சம்பளம் கைக்கு வருமுன் கவருக்குள் போய்விடும். எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த நாலு வருஷமும் நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். யார் துரத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவே பயம்.

மாசியில் பதிவுத் தபால் வந்தது. வீட்டு விலாசம் கொடுத்தால் ரவி பார்த்துவிடுவார் என்று அடகுக் கடையில் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். சித்திரை முடியுமுன் மீட்காவிட்டால் நகை ஏலம் போகும் என்று எழுதியிருந்தது. தபாலை மடித்து மடித்து ஒரு தீப்பெட்டி அளவுக்கு ஆக்கினேன். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் தோட்டத்து அம்மன் கோயிலுக்கு ஏறினேன். சின்னக் கோயில். தகரக் கூரை. பூசாரி ஐயா இன்னும் வரவில்லை. பூட்டிய கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அம்மா, என் தாலி ஏலத்துக்குப் போகக் கூடாது. எப்படியாவது காப்பாத்து. உனக்குத் திருவிழாவுக்குப் பட்டு சாத்துறேன்" என்று நேர்ந்தேன்.

கேட்டது நடந்த பிறகுதான் நேர்த்தி தீர்ப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். நான் முன்கூட்டியே தீர்க்கப் பார்த்தேன். அட்வான்ஸ் கொடுத்தால் பைல் சீக்கிரம் நகரும் என்கிற ஆபீஸ் புத்தி அது. அம்மாவிடமே அதைக் காட்டினேன்.

பட்டுக்குப் பணம்? பரிமளா அக்காவிடம் போனேன். எங்கள் ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர். கைப்பை தடிமன், குரல் அதைவிடத் தடிமன். நாற்பதாயிரம் வாங்கினேன். மாதம் நாலாயிரம் வட்டி. கடன் தீர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதற்கு நான் புதிதாக ஒரு கடன் வாங்கினேன். எழுதும்போது கை கூசுகிறது. அன்று கொஞ்சமும் கூசவில்லை.

கிளிப்பச்சைப் பட்டு. அரக்கு பார்டர். முந்தானையில் மாங்காய். புதுத் துணிக்கு மூலையில் மஞ்சள் வைப்போமே, அப்படி மூன்று பொட்டு வைத்துத் தட்டில் எடுத்துப் போனேன். பங்குனித் திருவிழாவில் அம்மா அதை உடுத்தி நின்றதைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாம் மறந்துபோனது. மலையில் மழை இறங்குவதற்கு முந்திய பச்சை எப்படி இருக்கும், அப்படி இருந்தாள். என்னையே பார்த்தாள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பங்குனி போனது. சித்திரை பிறந்தது. புது வருஷத்துக்குப் பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்கவும் நான் ஒளித்துக் கைமாற்று வாங்கினேன். அந்த நாட்களில் அம்மாவிடம் எனக்குக் கோபமே வந்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறாயே என்று சாமி அறையில் நின்று திட்டினேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமைக் காலை. ரவி முற்றத்தில் வேன் கழுவிக்கொண்டிருந்தார். சின்னவள் யாழினி மிளகு காயப் போட்ட சாக்கைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பரிமளா அக்காவின் குரல்.

"சாந்தி! வீட்டுலதான் இருக்கியா? ஆபீசுக்குப் போறப்ப புடிக்க முடியாதுன்னுதான் சனிக்கிழமை வந்தேன்."

வெளியே வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கிளிப்பச்சை. அரக்கு பார்டர். முந்தானையில் மாங்காய்.

அக்கா முந்தானையை விரித்துக் காட்டினார். "என்னடி முழிக்கிற? நல்லா இருக்கா? கோயில்ல அம்மனுக்குச் சாத்தின சீலைய எல்லாம் ஏலம் விட்டாங்க. ஒம்பதாயிரத்துக்கு எடுத்தேன். கடையில வாங்கினா நாப்பதுக்குக் கொறையாது. எந்தப் புண்ணியவதி குடுத்தாளோ, நல்லா இருக்கணும்."

முந்தானை மூலையில் மூன்று மஞ்சள் பொட்டுகள். நான் வைத்தவை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. என் சேலையை உடுத்திக்கொண்டு அம்மாவே வட்டி கேட்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

"அது உங்க காசுதான் அக்கா" என்றேன். "உங்ககிட்ட வாங்கின நாப்பதுலதான் அந்தப் பட்ட எடுத்துக் குடுத்தேன்."

வேன் கழுவும் சத்தம் நின்றது. ரவி ஈரக் கையோடு வந்தார். "என்ன காசு?"

நாலு வருஷமாக ஓடிய ஓட்டம் அந்தப் படியில் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். ஹோல், மொய், அடகு, தபால், நேர்த்தி. மகள் நிற்கிறாளே என்றும் பார்க்கவில்லை. கடைசியில் கவரிங்கைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

முதலில் அசைந்தவர் பரிமளா அக்காதான். முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஐயோ, அம்மா உடுத்தின பட்டு. இதக் கட்டிக்கிட்டு இதுக்கே வட்டி வாங்கினா நான் வெளங்குவேனா? முதல மட்டும் குடு சாந்தி. முடிஞ்சப்ப குடு." வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "ஊர்ல யாருகிட்டயும் சொல்லிறாத. அப்புறம் ஆளாளுக்குப் பட்டு எடுத்துக் குடுத்துட்டு என்கிட்ட வந்து நிப்பாளுங்க."

(அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.)

ரவி ஒன்றும் பேசவில்லை. அன்று பேசவில்லை, ஞாயிறும் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஞாயிறு மாலை ஆயின்மெண்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "திரும்பு" என்றார். பூசிக்கொண்டே சொன்னார்:

"இந்த மருந்துக்கு நான் குடுத்த காசையாவது திருப்பித் தா."

நான் தேம்பியதில் அவர் கை கோணி மருந்து காதில் பட்டது.

திங்கட்கிழமை வேனுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு என்னோடு மாத்தளைக்கு வந்தார். அடகு நகையை மீட்டுத் தாங்களே வாங்கிக்கொள்ளும் நகைக்கடைகள் கடைத்தெருவில் இருக்கின்றன. அப்படி ஒன்றில் பேசினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தாலிக்கொடியை விக்கிறதா? ஊரு என்னங்க சொல்லும்?"

கடைக்காரர் மீட்டு வந்த கொடியைத் தட்டில் வைத்தார். ரவி அதிலிருந்து தாலியை மட்டும் கழற்றச் சொன்னார். விரல் நகத்தளவு. அதை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"தாலி இதுதான் சாந்தி. மத்தது சங்கிலி."

இந்த நாலு வருஷத்தில் பவுன் விலை எங்கேயோ ஏறியிருந்தது. கொடியை விற்ற பணத்தில் அடகு தீர்ந்தது. பரிமளா அக்காவின் முதல் தீர்ந்தது. கைமாற்றும் தீர்ந்தது. மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பேரும் தேநீர்க் கடையில் ஒரு வடையைப் பிய்த்துச் சாப்பிட்டோம். கால் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். அதை நானே கவனித்தேன்.

அடுத்த வெள்ளி தோட்டத்துக் கோயிலில், பூசாரி ஐயா மஞ்சள் தடவிக் கொடுத்த நூலில் அந்தத் தாலியைக் கோத்து ரவி மறுபடி கட்டினார். முடிச்சுப் போடத் தெரியாமல் திணறினார். யாழினி சிரித்தாள். அம்மா அன்று ஒரு சாதாரண நூல் சேலையில் இருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. என் தாலி ஏலத்துக்குப் போகக் கூடாது என்று கேட்டேன். அவள் தன் சேலையை ஏலத்துக்கு அனுப்பினாள். அது எந்தக் கைக்குப் போக வேண்டும், எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அந்தப் படியில் உட்கார்ந்தவள் நான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒளித்து வைத்த தபால் இல்லை. விசேஷ வீட்டுக்குப் போனால் கவரில் ஐநூறு வைப்பேன், கூடவே எங்கள் முற்றத்து மிளகு ஒரு பொட்டலம். ஆபீசில் "மிளகு மிஸ்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதலில் சுருக்கென்றது. இப்போது, "மிஸ், எங்க வீட்டு பங்ஷனுக்குக் கொஞ்சம் கூடப் போடுங்க" என்று அவர்களே கேட்கிறார்கள்.

ஆவணியில் யாழினி பெரிய பிள்ளையானாள். ஹோலா என்று நான் வாயெடுக்கவில்லை. அவளே சொன்னாள்: "அம்மா, மேடையெல்லாம் வேணாம். அன்னைக்கு அக்காவ மேக்கப் போட்டு மாவுல பொரட்டி எடுத்த மாதிரி ஆக்கிட்டாங்க." தாய்மாமன் வந்தார். முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். உளுந்தங்களி கிண்டினோம். இருபது பேர், இருபது வாழையிலை. பரிமளா அக்காவும் வந்திருந்தார். அந்தப் பச்சைப் பட்டில்தான். மகளுக்கு முதல் தண்ணீர் ஊற்றுங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன்.

கடனோடு இருக்கிற என் சகோதரிகளே, உங்களில் யாராவது இன்று எந்தக் கோயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், அம்மாவுக்கு ஒன்றும் நேர்ந்துகொள்ளாதீர்கள். அவளுக்குச் சேலை போதும். வீட்டில் யாரிடம் எதைச் சொல்லப் பயமோ, அதை முதலில் அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அந்த ஆளிடம் சொல்ல அவளே ஒரு வாசலைத் திறப்பாள். எனக்குத் திறந்தாள்.

என் கழுத்தில் கறுப்புக் கோடு மறைந்துவிட்டது. மஞ்சள் ஒட்டியிருக்கிறது. குளித்தாலும் முழுதாகப் போவதில்லை.