சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

ஏணியில் ஏறுகிறவர் பையில்தான் ஃபியூஸ் கட்டை இருக்க வேண்டும். அந்த ஒயர்மேனும் அவர் மச்சினனும் பன்னிரண்டு வருஷமாகக் காப்பாற்றிய கட்டுப்பாடு அது. கட்டை பையில் இருந்தால் கீழே யாரும் தெரியாத்தனமாகக்கூடக் கரண்ட் விட முடியாது. அதற்கு மேலும் இரண்டு தடவை சோதித்துப் பார்ப்பார் என்பதால் ஒயர்மேனுக்கு ‘டெஸ்டர்’ என்றே பெயர் விழுந்திருந்தது.

அவருக்குத்தான் ஷாக் அடித்தது. சுவிட்ச் பெட்டிக்குள் பார்க்கத் தலை குனிந்ததும் பிடரியிலிருந்து உள்ளங்கால்வரை சுரீரென்று இறங்கியது. நிமிர்ந்தால் இல்லை.

“எங்கேருந்துடா லைன் வருது?”

“கட்டை உங்க பையில இருக்கு மாமா. நான் என்ன, வாயால ஊதியா கரண்ட் விடுறேன்?”

“அப்ப பக்கத்து லைன்லேருந்து இழுத்திருக்க. என்னைக் கொல்லப் பாக்குறியா?”

மூன்று இடங்களில் இதே கதை. மூன்றாவது இடத்தில் வீட்டுக்காரர் காதுபடவே கத்தினார். மச்சினன் கருவிப் பெட்டியை மூடிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரம் மகளின் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் துள்ளினார். மனைவி பார்த்துவிட்டாள்.

“ஏங்க, இங்க ஏது ஒயரு?”

சுவரைப் பார்த்தார். பத்தடிக்கு ஒரு பிளக் பாயின்ட்கூட இல்லை. மறுபடி குனிந்தார். அடித்தது.

எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டை போட்டார்கள். குனிய முடியாததால் ஷாக்கும் இல்லை, குணமாகிவிட்டதாகவே நம்பினார். நாலாவது மாதம் ஏணியில் வலது கால் படி தவறியது. நரம்பு டாக்டரிடம் போனார்கள்.

“முன்னாடி எப்பவாவது ஒரு கண்ணு மட்டும் மங்குச்சா?”

“ரெண்டு வருஷம் ஆச்சு. வெல்டிங் வெளிச்சம் பட்டதுன்னு விட்டுட்டேன். தானா சரியாயிடுச்சே.”

டாக்டர் பேனாவை வைத்தார். ஸ்கேன் எடுத்த பிறகு பெயர் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிற நோய். கண் மங்கலாகவும் வரும், குனிந்தால் ஷாக்காகவும் வரும். மருந்து வேகத்தைக் குறைக்கும். போனதைத் திருப்பித் தராது. இனி ஏணி கூடாது.

அன்றே மச்சினன் வீட்டுக்குப் போனார். அவன் உட்காரச் சொல்லவில்லை.

“என்ன மாமா, இன்னும் எந்த லைன்ல திருடினேன்?”

“லைன் சரிதான்டா. என் ஒயருதான் உரிஞ்சு கிடக்கு.”

ஸ்கேன் காகிதத்தை நீட்டினார். அவன் அதைப் படிக்கவில்லை. அவர் வலது காலை இழுத்து வைத்து நிற்பதைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை ஃபியூஸ் கட்டையை டெஸ்டர் தன் கையாலேயே மச்சினன் பையில் போட்டார். அவன் ஏறினான். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஏணியின் கால் வழுக்குகிறதா என்று குனிந்து பார்த்தபோது முதுகில் சுரீரென்றது. ஏணி லேசாக ஆடியது.

“மாமா, கரண்ட் இல்லையே?”

“உன் பக்கம் இல்ல. நீ வேலையப் பாரு.”