பென்சிலில் இருந்த பெயர்கள்

போன புதன்கிழமை காலை என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வரி அலுவல்கள் எல்லாவற்றையும் இனி இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாமாம். கந்தோருக்கு வரத் தேவையில்லையாம். இந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று கடைசியில் இருந்தது. மூன்று தரம் வாசித்தேன். பிறகு அலுமாரியிலிருந்து என் வரிக் கடிதங்களை எடுத்து, ஏற்கெனவே ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தவற்றை மறுபடியும் ஆண்டு வாரியாக அடுக்கினேன். மனம் பதறினால் என் கை இப்படித்தான் வேலை தேடும்.

உப்புக் காற்றில் கிடந்த கடதாசிக்கென்று ஒரு மணம் இருக்கிறது. பசையும் கருவாடும் கலந்தது போல. அந்த மணத்தோடு மன்னாரில் நான் எழுதுவினைஞராக இருந்த வரிக் கந்தோர் வந்துவிட்டது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஐந்து பேர். தட்டச்சு மேசையில் ஸ்டெல்லா அக்கா. கோப்பு எடுத்துக் கொடுக்க பியோன் பிலிப்பண்ணை. நான் மேசையிலுள்ள பேனைகளை நீள வரிசையில் வைப்பேன். "தம்பி, ஒரு பேனையை மாத்தி வைச்சா உமக்குக் காய்ச்சல் வரும்போல" என்பார் ஸ்டெல்லா அக்கா. ஒருநாள் மாற்றியும் வைத்தார். காய்ச்சல் வரவில்லை. ஆனால் அன்று இரண்டு கடிதங்களில் பிழை விட்டேன்.

கரையோர ஊர்களில் கோவிலின் புனிதர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். அதனால் தாழ்வுபாட்டிலிருந்து மட்டும் மூன்று சூசை பீரிஸ் எங்களிடம் இருந்தார்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அடையாள அட்டைகள் தொலைந்திருந்தன. பழைய கோப்புகள் பலவற்றில் அட்டை இலக்கமே கிடையாது. ஆனாலும் பிலிப்பண்ணை ஒருவர் கோப்பை மற்றவருக்கு மாற்றி எடுத்ததில்லை. கோப்பின் மேல்மூலையில், ஊர் அந்த ஆளை எப்படி அழைத்ததோ அதைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். ஒரு சூசை 'தொப்பி'. சின்ன வள்ளம் வைத்திருந்தவர். மற்றவர் 'ஐஸ்', மீன் வாடிகளுக்கு ஐஸ்கட்டி விற்றவர். மூன்றாமவருக்குப் பிலிப்பண்ணை எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது.

பிறகு கணினி வந்தது. அதற்கு முன்னால் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்து பேர் செய்யும் வேலைக்கு இனி இரண்டு பேர் போதுமாம். போகிறவர்களின் பட்டியல் பின்னால் வரும் என்றிருந்தது. அது வரும்வரை ஆறு வாரம் நாங்கள் தேநீரைக்கூடச் சத்தமில்லாமல் குடித்தோம். கடைசியில் ஸ்டெல்லா அக்காவையும் இன்னொருவரையும் வவுனியாவுக்கு மாற்றினார்கள். பிலிப்பண்ணையை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். நான் தப்பினேன். தப்பியதில் பட்ட சந்தோஷத்தை இன்றும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

கோப்புகளைப் பதிவதற்கு முன் துப்புரவாக்கச் சொன்னார்கள். கிழிந்ததை ஒட்டு, தூசி தட்டு என்பதுதான் அதன் பொருள். அரசாங்கக் கோப்பில் பட்டப்பெயர் இருப்பது எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. இரண்டு நாள் இருந்து, எல்லாவற்றையும் அழிறப்பரால் அழித்தேன். தூளை ஊதிவிட்டு, எவ்வளவு சுத்தம் என்று பார்த்து மகிழ்ந்தேன். அதன்பின் பெயரும் ஊரும் பார்த்துக் கணினியில் ஏற்றினேன்.

சில மாதங்களில் தொப்பிச் சூசை வந்தார். வள்ளத்தின் இயந்திரம் பழுது. வங்கியில் கடன் கேட்டிருக்கிறார். வரி நிலுவை இல்லையென்று எங்கள் கடிதம் வேண்டுமாம். கணினியில் பார்த்தேன். ஐஸ் வியாபாரியின் நிலுவை முழுவதும் இவர் பெயரில் நின்றது.

"சேர், நான் ஐஸை மீனுக்குப் போடுறதோட சரி. விக்கிறேல்லை."

"எனக்குத் தெரியும். ஆனா இஞ்ச அப்பிடிக் காட்டுது."

"அதுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியுந்தானே? சோளகக் காத்து தொடங்க முதல் இயந்திரம் பூட்டோணும். இயந்திரமில்லாமல் அந்தக் காத்திலை கடலுக்கை இறங்கேலாது."

திருத்தும் அதிகாரம் கொழும்பிலேயே இருந்தது. எழுதினேன். உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று உடனே பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், அதே சொற்களில்.

பிலிப்பண்ணை வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். பென்சில் எழுத்தை அழித்ததைச் சொல்லி, எது யாருடைய கோப்பு என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டேன். அவர் சிரித்தார்.

"என்ரை எழுத்தை அழிச்சனீங்கள், இப்ப என்ரை எழுத்துத்தான் வேணுமோ? தாறன், சேர். ஆனா நான் இப்ப ஆர்? என்ரை கையெழுத்தைக் கொழும்பிலை ஆர் பாக்கப்போகினம்?"

எழுதித் தந்தார். கொழும்புக்கு அனுப்பினேன். நிலுவை இவருடையதல்ல என்று நானே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு வங்கிக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு மாலை எழுதியும் விட்டேன். அடுத்த ஆட்குறைப்புப் பட்டியல் வருகிறது என்ற கதை அந்த வாரம் அடிபட்டது. கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

திருத்தம் வந்தபோது சோளகம் பாதி போய்விட்டிருந்தது. தாழ்வுபாட்டுக்கு நானே கொண்டுபோனேன். சூசை வாசித்துவிட்டு மடித்தார். "வள்ளத்தை வித்துப்போட்டன், சேர்" என்றார். திட்டியிருந்தால் சைக்கிள் மிதிப்பது இலகுவாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கந்தோரையே மூடினார்கள், என் இடமும் போனது. என்னை வவுனியாவுக்கு மாற்றினார்கள். பெட்டிகளை வெளியே வைத்துவிட்டு முச்சக்கர வண்டிக்குக் காத்து நின்றேன். அப்போது சந்தையில் மீன் பெட்டி தூக்கும் கூலி வேலையிலிருந்த சூசை, என்னைக் கண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"பலகையையும் கழட்டிப்போட்டாங்கள். இனி ஒரு பிழையெண்டா ஆரிட்டை வாறது, சேர்?"

"ஒரு நம்பர் இருக்கு, எடுக்கலாம்."

"எடுத்தா ஆர் கதைப்பினம்?"

இலக்கத்தைத் தெளிவாக, ஒவ்வொரு எண்ணும் பிரிந்து தெரியும்படி எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் இரண்டு பெட்டிகளில் பாரமானதைத் தூக்கினார்.