கனடாவிலிருந்து கார் பார்த்தவர்

போன வருடம் வெசாக் முடிந்து, காலி வீதியில் கட்டியிருந்த வெளிச்சக் கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்த கிழமை அது. ஒரு சனிக்கிழமை காலை. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள சின்ன வாகன விற்பனை நிலையத்தில்தான் அது நடந்தது. நான் அங்கே கார் விற்கிறவள்.

இதைச் சொன்னதும் சிலர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பழகிவிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வந்து, கடல்காற்றில் கார்க் கண்ணாடிகளில் படிந்திருக்கும் உப்பைத் துடைத்துவிட்டு நிற்பேன். உள்ளே வருகிறவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஆம்பிளை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்பார். இருக்கிறார்கள், ஆனால் காரைப் பற்றி நீங்கள் என்னோடுதான் கதைக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுவேன். சிரிப்பது வாய் மட்டும்தான்.

முன்பெல்லாம் கார் வாங்க வருகிறவர் கேள்வியோடு வருவார். இப்போது பதிலோடு வருகிறார். அவர் இணையத்தில் படித்த பதிலும் நான் சொல்லும் பதிலும் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் கேள்வியே கேட்கிறார். அதில் பிழையில்லை, உழைத்த காசு, நாலு இடத்தில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சிலருடைய ஆராய்ச்சி இருக்கிறதே! ஒருவர் அமெரிக்காக்காரன் ஒருவன் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, பனிக்காலத்தில் இந்தக் காரின் ஹீற்றர் சரியாக வேலை செய்யாதாமே என்று உண்மையாகவே கவலைப்பட்டார். கொழும்பில்! இன்னொருவர் எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டு, கடைசியில் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு எட்டு வருகிறது, வேண்டாம் என்று போய்விட்டார்.

இப்படிப்பட்டவர்களோடு மல்லுக்கட்டி நான் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். காரில் என்ன குறை இருந்தாலும் அவர்கள் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிடுவேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தக் காலத்தில் அது எட்டு நிமிடம்கூடத் தாங்காது. குறையை முதலில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் சொல்லும் நல்லதையும் நம்புவார்கள். எங்கள் முதலாளிக்கு இது பிடிக்காது. கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் ஏன் வாயைக் கொடுக்கிறீர் என்பார். ஆனால் என் கையால்தான் கூடுதலான கார்கள் போய்க்கொண்டிருந்தன, அதனால் பொறுத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஹெவ்லொக் டவுனில் இருக்கிறவர்கள். கணவர் கையில் ஃபோனை நீட்டிப் பிடித்தபடியே வந்தார். ஃபோனுக்குள் அவருடைய அண்ணா, கனடாவில். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும், அந்த மனிதர் பனியனோடு கட்டிலில் சாய்ந்திருந்து எங்கள் ஒழுங்கையில் நின்ற காரைப் பரிசோதித்தார். எனக்கு ஒரு வணக்கம்கூட இல்லை. "தம்பி, டயரைக் காட்டு. கீழ குனிஞ்சு காட்டு. அங்கால போ" என்று கட்டளைதான். கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பிடுங்கி வந்த பிள்ளையார் காந்தம். தகரத்துக்கு மேலே பூச்சு நிரப்பியிருந்தால் காந்தம் ஒட்டாது என்று அண்ணா படித்திருக்கிறாராம். பிள்ளையார் எங்கள் காரை ஒரு சுற்று வலம் வந்தார்.

முன்பக்க இடது மட்கார்டை நெருங்கும்போது நானே சொன்னேன்.

"அந்த இடம் முந்தின சொந்தக்காரர் கேற்றில இடிச்சது. நெளிவெடுத்துப் பெயின்ற் அடிச்சிருக்கு. உள்ளுக்கு ஒண்டும் வளையேல்லை."

ஃபோனுக்குள்ளிருந்து ஒரு பெரிய சத்தம். "பாத்தியோ! அடிபட்ட கார்! அவவைத் திருப்பிச் சொல்லச் சொல்லு."

கணவர் ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். நானும் வெள்ளந்தியாகத் திருப்பிச் சொன்னேன். "ஓம், இடிபட்டதுதான். பெயின்ற் அடிச்சிருக்கு. நான் சொல்லுறதை நம்ப வேண்டாம். நீங்கள் விரும்பின கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. அவை பிழை எண்டு சொன்னால் எடுக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு அண்ணாவும் தம்பியும் ஜப்பானில் என்ன விலை, வெள்ளை நிறம் மங்குமா, பெட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்று தங்களுக்குள்ளேயே விவாதித்துக்கொண்டு காருக்குப் பின்பக்கம் போய்விட்டார்கள். இவ்வளவு நேரமும் அந்த மனைவி ஒரு ஓரமாகக் கைப்பையைப் பிடித்தபடி நின்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் சாவியைக் கொடுத்து, ஏறி இருந்து பாருங்கள் என்றேன். ஏறினார். கட்டையான பெண், ஸ்டியரிங்குக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"சீற்றை இன்னும் கொஞ்சம் உயர்த்தேலுமோ?"

உயர்த்திக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாராம். "விடிய ஷிஃப்ற்றுக்குப் போகேக்க ஓட்டோ பிடிக்கிறதுதான் பெரிய பாடு. வாறன் எண்டு சொல்லிப்போட்டுக் கான்சல் பண்ணிப்போடுவினம். இருட்டுக்க ரோட்டில நிக்கப் பயமாக் கிடக்கு" என்றார். கார் அவருக்குத்தான். ஓட்டப் போகிறவர் அவர். தவணைப் பணமும் அவருடைய சம்பளத்திலிருந்துதான் போகப் போகிறது. கனடாக்காரர் ஒரு சதமும் போடவில்லை என்பதையும் அந்தச் சின்னப் பேச்சிலேயே அறிந்துகொண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் என்ன சொல்ல? "அண்ணை வேண்டாமாம்" என்று கணவர் கூப்பிட்டார், அந்தப் பெண் சீற்றை விட்டு இறங்கினார், போய்விட்டார்கள்.

விற்கவில்லையே என்று எனக்குக் கவலையில்லை. இந்தத் தொழிலில் அது தினமும் நடக்கிறது. அடுத்த நாள் நடந்ததைத்தான் இன்று வரை என்னால் செரிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை வவுனியாவிலிருந்து என் மச்சாள் ஃபோன் எடுத்தாள். "அக்கா, நீங்கள் முகப்புத்தகத்தில வந்திருக்கிறியள்" என்றாள். குரலில் சந்தோசம் இல்லை. அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். என் முகம். "ஓம், இடிபட்டதுதான். பெயின்ற் அடிச்சிருக்கு." அதோடு வெட்டு! கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னது இல்லை. கேட்கும் முன்பே நானாகச் சொன்னது இல்லை. அண்ணா தன் பக்கத்தில் அழைப்பைப் பதிவு செய்து, தனக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி, கொழும்புத் தமிழர்களும் வெளிநாட்டுத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு குழுவில் போட்டிருந்தார். "அடிபட்ட காரை எங்கட தலையில கட்டப் பாத்தவை. நாங்கள் மடக்கினவுடன அவவே ஒப்புக்கொள்ளுறா" என்று மேலே எழுதியிருந்தது.

மடக்கினார்களாம்! என்னை!

கீழே இருந்த கருத்துகளை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. கள்ளி என்றவர்கள் மரியாதையானவர்கள். ஒரு பொம்பிளையை முன்னுக்கு நிறுத்தி ஆட்களைப் பேய்க்காட்டுகிறார்கள் என்று ஒருவர். இவளுடைய முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று இன்னொருவர். ஒருவராவது, மிச்ச வீடியோ எங்கே என்று கேட்கவில்லை. கார் டயரிலிருந்து கூரை வரை ஆராய்ச்சி செய்கிற ஆட்கள், ஒரு மனுஷியின் பெயரைக் கெடுக்கும்போது மட்டும் ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை என்று இருந்துவிட்டார்கள். நடந்ததை முழுதாக எழுதி நான் ஒரு பதில் போட்டேன். குழுவை நடத்துகிறவர் அதை அழித்துவிட்டார். திரும்பவும் போட்டேன். என்னைக் குழுவை விட்டே வெளியேற்றிவிட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால் முதலாளி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஆர் உம்மை வாயைத் திறக்கச் சொன்னது? இப்ப பாரும், கடைப் பேர் நாறுது. இது அடங்கு மட்டும் நீர் வீட்டில நில்லும்."

அடங்காவிட்டால் என்று கேட்டேன். பிறகு யோசிப்பம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் சம்பளத்தில்தான் கொட்டாஞ்சேனை வீட்டு வாடகையும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் போய்க்கொண்டிருந்தன. அதைவிட, இன்னொரு விற்பனை நிலையத்தில் போய் வேலை கேட்டால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு இந்த வீடியோவைப் பார்ப்பார்கள். கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டி விற்கிறவர்களும் இதே தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் யாருடைய வீடியோவும் வரவில்லை. உண்மையைச் சொன்ன வாய்தான் உலகம் முழுக்கச் சுற்றியது. நியாயம் என்ற ஒன்று இருக்கிறதா என்று அன்று பஸ்ஸில் இருந்து வாய்விட்டே கேட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

வீட்டில் இருந்த நாட்கள் கொடுமையானவை. பாண் வாங்கப் போனாலும் கடைக்காரர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறார் போல இருந்தது. ஒருவேளை பார்க்காமலும் இருந்திருக்கலாம். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, "அம்மா, நீங்கள் பொய் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள். அவள் கேட்டது கூட இல்லை, கேட்க அவளுக்கு வந்த தயக்கம்தான் நெஞ்சைப் பிடித்தது.

அந்தக் கிழமை முடிவதற்குள் மச்சாள் திரும்பவும் எடுத்தாள். "அக்கா, கெதியாப் பாருங்கோ, ஒருத்தி எழுதியிருக்கிறா." நான்தான் குழுவில் இல்லையே, அவளே படம் எடுத்து அனுப்பினாள்.

எழுதியிருந்தவர் அந்த மனைவி. சொந்தப் பெயர், சொந்தப் படம். நீளமாக ஒன்றும் இல்லை. "இந்த வீடியோவில ஃபோன் பிடிச்சிருக்கிறது என்ர கணவர். வெட்டிப் போட்டது அவற்ற அண்ணா. நான் பக்கத்தில நிண்டனான். இடிபட்ட இடத்தை அவ நாங்கள் கேக்க முந்தியே சொன்னவ. விரும்பின கராஜில காட்டுங்கோ எண்டும் சொன்னவ. அதை வெட்டிப்போட்டினம். கார் ஓட வேண்டியது நான். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, அதால நானே வந்து சொல்லுறன்."

நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். குழுக்காரர் விழித்துக்கொள்வதற்கு முன்பே அதற்குக் கீழே ஆட்கள் கூடிவிட்டார்கள். முழு வீடியோவைப் போடு என்று கேட்கத் தொடங்கினார்கள். அன்று பின்னேரமே கனடாக்காரர் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டார். மன்னிப்பு? ஒரு சொல் இல்லை. என்னைக் கள்ளி என்று எழுதியவர்களில் ஒருவர்கூட வந்து, பிழை எழுதிவிட்டேன் என்று சொல்லவில்லை. அடுத்த ஆளைப் பிடித்துத் தின்னப் போய்விட்டார்கள்.

முதலாளி எடுத்தார். ஒன்றுமே நடக்காதது போல, "நாளைக்கு வாரும்" என்றார். வருவேன், ஆனால் குறையை முதலில்தான் சொல்லுவேன் என்றேன். "சரி, சரி, நேரத்துக்கு வாரும்" என்று வைத்துவிட்டார்.

பிறகு ஒரு வேலை நாளில், மத்தியான வெயிலில், அந்தப் பெண் தனியாக வந்தார். ஆஸ்பத்திரிச் சீருடையோடு. முதலாளி பாய்ந்து போய், "ஐயா வரேல்லையோ?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அவர் வேலைக்குப் போட்டார். கார் ஓடப் போறது நான்" என்றார் அவர்.

தனக்குத் தெரிந்த கராஜ்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பிழை ஒன்றும் இல்லை என்று வந்தது. அதே காரைத்தான் எடுத்தார். கையெழுத்து வைத்து முடிந்ததும் நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்ல நினைத்து, வீட்டில் பிரச்சினை இல்லையோ என்று மட்டும் கேட்டேன்.

"வீட்டில இப்ப ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை. நல்ல நிம்மதியாக் கிடக்கு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "உங்களுக்காக மட்டும் எழுதேல்லை, அக்கா. அந்த வீடியோவை நானும் திரும்பத் திரும்பப் பாத்தனான். அதில நான் பக்கத்திலதான் நிக்கிறன். என்ர கையும் தெரியுது. ஆனா என்ர சத்தம் ஒரு இடத்திலயும் இல்லை."

சீற்றை உயர்த்திக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, ஒழுங்கையால் ஏறிக் காலி வீதிக்குப் போனார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு, ஃபோனை நீட்டிக்கொண்டு யார் உள்ளே வந்தாலும், ஃபோனுக்குள் இருப்பவருக்குப் பதில் சொல்வதற்கு முன் பக்கத்தில் பேசாமல் நிற்கிறவரிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன்; தான் அதுவரை வாங்காத ஒரு காருக்காக, தனக்கு எந்த உறவும் இல்லாத ஒருத்திக்காக, சொந்த வீட்டையே பகைத்துக்கொண்டு உண்மை சொன்னவர் அப்படிப் பேசாமல் நின்ற ஒருவர்தான் என்பதை நான் எப்படி மறப்பேன்?