படுத்துக்கொண்ட கோபம்

என் கணவர் முன்கோபி. அரியலூர் கடைத்தெருவில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். சோற்றில் உப்பு கூடினால் கோபம், பஸ் தாமதமானால் கோபம், பஸ் சரியான நேரத்துக்கு வந்து இவர் தவறவிட்டால் அதைவிடக் கோபம். கை நீட்ட மாட்டார், கத்துவார். கத்தி முடித்ததும் தொண்டை வறண்டு, யாரைப் பார்த்துக் கத்தினாரோ அவரிடமே தண்ணீர் கேட்பார். பெரும்பாலும் அது நானாக இருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர் வழக்கத்துக்கு மாறாக யோசனையில் இருந்தார். பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்திருந்த ஹஜ்ரத், இவரைவிட வயதில் சின்னவர், கல்பை, அதாவது உள்ளத்தை, சுத்தப்படுத்துவது பற்றி பயான் செய்தாராம். கோபம் வந்தால் நிற்பவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும், அப்படியும் போகாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும், தொழுகைக்கு முன் செய்வதுபோல் கை, முகம், கால் கழுவி ஒளு செய்வது இன்னும் நல்லது என்று நபியவர்கள் காட்டித் தந்த வழியை விளக்கினாராம். இவர் அன்றே தொடங்கிவிட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கிளம்பியவர் மாதிரி அப்படி ஒரு முனைப்பு.

வீட்டில் திடீர் திடீரென்று உட்கார ஆரம்பித்தார். அடுப்படி வாசலில், கிணற்றடியில், ஒருநாள் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்த முற்றத்தின் நடுவில். அவர் உட்கார்ந்தால் நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம். என்ன தப்பு என்று நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கத்தியபோது அந்தச் சிரமமாவது இல்லாமல் இருந்தது. கோடையில் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன நேரத்தில், கோபம் வரும்போதெல்லாம் ஒளு செய்யக் கிளம்பினார். "கோவம் உங்களுது, தண்ணி நான்ல இறைக்கிறேன்" என்றேன். அதற்கும் உட்கார்ந்தார்.

கடையில்தான் சிக்கல். அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் வியாபாரியும் விரிப்பின்மேல் உட்கார்ந்துதானே துணியை விரித்துக் காட்டுவார்? ஏற்கனவே உட்கார்ந்திருப்பவருக்குக் கோபம் வந்தால் மிச்சமிருப்பது ஒரே வழி.

புதிதாக வந்த அரசு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் சம்பளத்துக்கு மறுநாள் வந்து, அலமாரியில் இருந்த சட்டைத்துணி அத்தனையையும் விரிக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, முதலில் காட்டியதை மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார். இவர் அப்படியே, விரித்த துணிகளின் மேலேயே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனுஷன் பதறிப்போய்த் தெருவில் இறங்கிக் கூவ, பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் தெளித்தார். இன்னொருவர் வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். எழுந்தால் கத்திவிடுவோமோ என்று பயந்து இவர் கண்ணையே திறக்கவில்லையாம்.

கடைசியில் எழுந்து உண்மையைச் சொன்னார். அந்த ஆலைத் தொழிலாளி, "என் மேல கோவம்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே பாய்" என்று சொல்லி, சோடா தெறித்து நனைந்த துணியையே வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் எங்கள் கடையைத் தவிர வேறு கடைக்குப் போனதில்லை.

கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கும் இவருக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் விடவில்லை. கத்தல் உண்மையாகவே குறைந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, தன் கல்பு இப்போது துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

"ஒங்க தம்பி மேல இருக்கே, அந்தக் கோவத்துக்கு எங்க போய்ப் படுப்பீங்க?" என்று கேட்டேன்.

இவருடைய தம்பி பெரம்பலூரில் இருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தபோது அண்ணனைக் கலக்கவில்லை. ஊராருக்கு வைக்கிற மாதிரி வந்து பத்திரிகை வைத்தார். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை, என்னையும் விடவில்லை. அதோடு பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. நான் கேட்டதும் இவர் கத்தவுமில்லை, படுக்கவுமில்லை. பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, பெரம்பலூர் போயிட்டு வருவோம்" என்றார்.

தம்பி வாசலில் எங்களைப் பார்த்து ஸலாம் சொன்னார். உள்ளே நாற்காலி போட்டார். கொழுந்தன் மனைவி டீ கொண்டுவந்தாள். பேச்சு மழையைச் சுற்றி, கரும்பைச் சுற்றி, கடைசியில் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தது. நல்ல காரியத்தில் அண்ணன் ஏதாவது கத்திவிடுவாரோ என்று பயந்துதான் கலக்கவில்லை என்றார் தம்பி. சொன்ன விதம் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் இவர் முகம் சிவந்து, அந்தச் சிவப்பு காது வரை ஏறியதை நான் பார்த்தேன். நாற்காலியிலிருந்து இறங்கினார். தரையில் உட்கார்ந்தார். அது போதவில்லை போலிருக்கிறது, அப்படியே சிமெண்ட் தரையில் நீட்டிப் படுத்துவிட்டார்.

தம்பி வெலவெலத்துப் போனார். நான் பக்கத்தில் போய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் தானும் படுத்தார்.

"எனக்கும் ஒங்க மேல கோவம்தாண்ணே. ஒரே பொண்ணு. நீங்க வரலியே" என்றார், கூரையைப் பார்த்தபடி.

இவர் தம்பி பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "நான் கத்தியிருப்பேன்டா. அது நெசந்தான்" என்றார்.

கொழுந்தன் மனைவியும் நானும் டீத் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தோம். வயதான இரண்டு ஆண்கள் தரையில் கிடந்து மாறி மாறி மூக்கை உறிஞ்சுவதைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கோழிக்கறிக்கு மசாலா அரைக்கச் சொன்னாள். அன்று மதியம் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் அண்ணனும் தம்பியும் எங்களைக் கூட்டிக்கொண்டு உடையார்பாளையத்துக்குப் போனார்கள். தம்பி மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இவர் கடையிலேயே நல்ல சேலையாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தார். அவள் வாசலுக்கு வந்து, "இப்பதான் வழி தெரிஞ்சுதா பெரியத்தா?" என்று கேட்டாள். இவர் கையை நீட்டினார். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைக் கொடுத்தாள். திரும்பப் பஸ் ஏறும்வரை அவர் அந்தப் பிள்ளையை என் கையில்கூடத் தரவில்லை.