ஜேசன் இன்னும் வரலீங்களா?

நேற்று மகள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள். அவள் எழுதிய நிரலில் ஏதோ தப்பு; திரையில் ஒரே வரிகள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன. நானும் சிரித்து வைத்தேன். மடிக்கணினி சூடேறிக்கொண்டிருந்தது.

சூடேறிய கணினியின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? வெந்த தூசியின் வாசனை. அதோடு புதுப் பனியன் துணியின் நெடியும் சேர்ந்தால், எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சத்துத் திருப்பூர் வந்துவிடும். ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் தன் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கிருந்தே பார்க்க வேண்டுமாம். அதற்கு டேட்டாபேஸில் இருப்பதை ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

ஆர்டரைக் கேட்டால் அது தைக்கிற யூனிட்டையும் இழுத்து வந்தது. யூனிட் தன்னிடமுள்ள ஆர்டர்களை இழுத்தது. அவை மறுபடி யூனிட்டை. முடிவே இல்லை. சர்வர் மூச்சுமுட்டி நின்றது.

முதலாளி என் அறை வாசலை விட்டு நகரவில்லை. அதட்டத் தெரியாத மனிதர்.

“ஏனுங்க அம்மிணி, ஜேசன் இன்னும் வரலீங்களா?”

“அது ஆளில்லீங்க...”

“இருக்கட்டுங்க. போன் போட்டுக் குடுங்க, நானே பேசறேன்.”

வேறு நாளாயிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று அந்நேரத்துக்கு நல்லூரில் மகளின் நர்சரி பள்ளி விட்டிருந்தது. அவள் அப்பாவுக்குக் கோவையில் வேலை. அழைத்துவர என்னை விட்டால் ஆளில்லை.

“பாப்பாவக் கூட்டிட்டு வரப் போகோணுங்க.”

“போலாங்க, ஆரு வேண்டாங்கறா? இத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருங்க.”

திட்டியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அந்த ‘ங்க’வைத் தாண்டிப் போகத்தான் கால் வரவில்லை.

ஒருவழியாக, யூனிட் தன் ஆர்டர்களைச் சொல்லாதபடி ஒரு வரி எழுதி அந்தச் சுற்றை அறுத்துவிட்டு ஓடினேன். பள்ளி கேட் பூட்டிக் கிடந்தது. மகள் இல்லை. தெரு முழுக்க மெஷின் இரைச்சல். அவள் பெயரைக் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

எதிர் யூனிட்டில் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அங்கே தைக்கிற தூத்துக்குடிக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பிள்ள அழுதுக்கிட்டு நின்னுச்சு, அதான் கூட்டிட்டு வந்தேன். பெத்த பிள்ளய விட அப்படி என்னம்மா பெரிய வேல?”

ஜேசன் என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன்.

அந்த யூனிட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கம்பெனியும் கைமாறிவிட்டது. அதெல்லாம் போகட்டும். அந்த நாள்வரை தினமும் காலையில் பள்ளி வாசலில் மகள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, “எப்பங்கம்மா வருவீங்க?” என்று கேட்பாள். மறுநாள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.